சிர்கோனியத்தின் நான்கு பயன்களை எழுதுக

நம் வேதியியல் தேர்வுகளில் மிகச் சுலபமாக மதிப்பெண் வாங்கித் தரும் கேள்வி 'பயன்களை எழுதுக' என்பதுதான். வார இறுதியில் படிவம் 4, படிவம் 5 மாணவர்கள் சிலருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். செராமிக்கின் பயன்களைக் கேட்டால் தரை ஓடு, செயற்கைப் பல், கத்தி என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். "ஏன் அதில் பல் செய்கிறார்கள்? கண்ணாடியில் செய்தால் என்ன?" என்று கேட்டால் மேசையைப் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தேர்வு கேட்காத கேள்விக்கு யார் பதில் தேடி வைத்திருப்பார்கள்?

பயன்களின் பட்டியல் மட்டும் அறிவியல் ஆகாது என்பது என் கருத்து. ஒரு பொருள் ஏன் பயன்படுகிறது, அதற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்ற இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் நான் படிப்பது பொருளறிவியல் (பொருளாதாரம் அல்ல, உலோகம், செராமிக், பிளாஸ்டிக் பற்றிய படிப்பு). அதனால் சாட்சிக்கு ஒரு தனிமத்தை அழைக்கிறேன். அணு எண் 40, சிர்கோனியம்.

பெயரே குழப்பும். சிர்கான் என்பது மணலில் கிடைக்கும் கனிமம். அதிலிருந்து எடுக்கும் உலோகம் சிர்கோனியம். அந்த உலோகத்தின் ஆக்சைடு சிர்கோனியா. நகைக்கடையில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று நாம் வாங்கும் கல் மூன்றாவது வகை. இந்தத் தனிமத்தின் கதை நமக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. 1789-ல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் இதைக் கண்டறிந்தது, இலங்கையிலிருந்து போன சிர்கான் கல்லில். நிறமற்ற சிர்கான் கற்களை 'மாத்தறை வைரம்' என்று சொல்லி விற்ற காலமும் உண்டு.

பல்லுக்கு வருவோம். தூய சிர்கோனியாவைச் சூளையில் சுட்டு ஆறவிட்டால் நொறுங்கிவிடும். ஆறும்போது, சுமார் 1,170 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதன் படிக அமைப்பு மாறுகிறது. கன அளவு 4, 5 விழுக்காடு பெருத்துவிடுகிறது. இட்ரியம் ஆக்சைடைச் சிறிதளவு கலந்தால் அந்த மாற்றம் தடைபடும். தடைபடுமே தவிர ஒழிந்து போகாது. பல்லில் மெல்லிய விரிசல் ஒன்று தொடங்கினால், விரிசலின் நுனியில் ஏற்படும் இழுவிசை அங்குள்ள படிகங்களைத் தட்டி எழுப்புகிறது. அவை அந்த நொடியே மாறிப் பெருக்கின்றன. பெருக்க இடம் வேண்டுமே! சுற்றிலும் நெருக்கி, விரிசல் மேலே ஓடாதபடி அதை இறுக்கிப் பிடிக்கின்றன. எந்தக் குணம் பொருளை உடைத்ததோ, அதே குணம் இப்போது அதைக் காக்கிறது. சிர்கோனியாவின் இந்த இயல்பை 1975-ல் 'நேச்சர்' இதழில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் மூவர் எழுதியபோது, கட்டுரைக்கு 'செராமிக் எஃகா?' என்று தலைப்பு வைத்தார்கள். இதை ஒரு முறை கேட்ட மாணவர், 'செயற்கைப் பல்' என்ற சொல்லை மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை.

உண்மையில் சிர்கான் மணல் மிக அதிகமாகப் போவது பல்லுக்கோ நகைக்கோ அல்ல. கழிவறைத் தொட்டி, கைகழுவும் தொட்டி, தரை ஓடு ஆகியவற்றின் வெள்ளைப் பூச்சுக்குத்தான். பூச்சில் கலந்த சிர்கான் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அடியில் இருக்கும் களிமண்ணின் நிறம் வெளியே தெரிவதில்லை. அப்பாவின் காரிலும் அநேகமாக ஒரு துண்டு சிர்கோனியா இருக்கும். புகைபோக்கியில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அளந்து, எரிபொருளைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் சென்சாரின் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதுதான். சூடேறிய சிர்கோனியா வழியே ஆக்சிஜன் அயனிகள் நகர முடியும் என்பதே அதன் சூட்சுமம். இரத்தத்தில் கூடிப்போன பொட்டாசியத்தைக் குடலில் பிடித்து வெளியேற்றும் சிர்கோனியம் கலந்த மருந்துப் பொடிக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. சிறுநீரக நோயாளி இருக்கும் வீட்டில் பொட்டாசியம் என்ற சொல்லின் கனம் தெரியும்.

இனி விலை. அணு உலையில் யுரேனியத்தை அடைத்து வைக்கும் குழாய்கள் சிர்கோனியக் கலவையால் ஆனவை. நியூட்ரான்களை அது ஏறக்குறைய விழுங்குவதே இல்லை. ஆனால் அதனோடு ஒட்டிப் பிறந்த ஹாஃப்னியம் 500 மடங்குக்கு மேல் விழுங்கும். வேதியியல் குணங்களில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அதனால்தான் ஹாஃப்னியம் 1923 வரை, 134 ஆண்டுகள், சிர்கோனியத்துக்குள் ஒளிந்திருந்தது. அதை முழுக்கப் பிரித்தெடுத்த பிறகே குழாய் செய்ய முடியும். சரி, அருமையான உலோகம். ஆனால் அளவுமீறிச் சூடானால் இதே உலோகம் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கும். 2011 மார்ச்சில் புக்குஷிமாவில் உலைகளைக் குளிரவைக்க முடியாமல் போனபோது, கட்டடங்களைப் பிளந்த வெடிப்புகளுக்குக் காரணம் அந்த ஹைட்ரஜன். 'அணு உலைக் குழாய்' என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கும் மாணவருக்கு இந்தப் பாதிக் கதை வந்து சேர்வதே இல்லை.

பேராக்கில் இந்தப் பாதிக் கதை நம் வாசலுக்கே வந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத்தைக் கழுவி எடுத்த பின் மிஞ்சும் கனமான மணலுக்கு அமாங் என்று பெயர். அதில் சிர்கான் உண்டு. இல்மனைட், மோனசைட், இட்ரியம் தரும் செனோடைம் ஆகியவையும் உண்டு. பல்லுக்கு வேண்டிய இரண்டு சரக்கும் ஒரே குவியலில்! பிரிக்கும் முறை பள்ளி ஆய்வுக்கூடத்துக்கே ஏற்றது. இல்மனைட் காந்தத்தில் ஒட்டும், மின்சாரத்தையும் கடத்தும். மோனசைட் வலுவான காந்தத்துக்கு மட்டும் இழுபடும். சிர்கான் இரண்டுக்கும் அசையாது. எல்லாம் போன பின் கடைசியில் தங்கும்.

அந்தக் குவியலில் யுரேனியமும் தோரியமும் கலந்திருக்கின்றன. ஆகவேதான் அமாங் ஆலைகள் 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982-ல் இயங்கத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலை, மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தது. தோரியக் கழிவுக்கு அஞ்சிய மக்கள் 1985-ல் நீதிமன்றம் போனார்கள். ஆலை 1994-ல் மூடப்பட்டது. அரிய மண் தொழில் வேண்டுமா வேண்டாமா என்று இன்றும் நாட்டில் பேச்சு நடக்கிறது. நாளை வாக்களிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளும் வேதியியலை எந்த வகுப்பில் தரப்போகிறோம்?

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நியாயம்தான். நான் கேட்பது கூடுதல் பாடம் அல்ல. பத்துப் பொருளுக்கு இரண்டிரண்டு பயன் என்பதை விட்டு, ஒரு பொருளை மண்ணிலிருந்து குப்பை வரை பின்தொடரச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் நமக்கு இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. ஆரம்பப் பள்ளியில் ஒரு மொழி, இடைநிலைப் பள்ளியில் ஒரு மொழி, பல்கலைக்கழகத்தில் இன்னொன்று. மனப்பாடப் பட்டியல் ஒவ்வொரு முறை மொழி மாறும்போதும் உதிர்ந்துவிடுகிறது. தமிழில் காரணம் புரிந்துகொண்ட பாடத்துக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

பத்து காஜா பக்கம் தஞ்சோங் துவாலாங்கில் 1938-ல் கட்டிய பழைய ஈயக் கப்பல் ஒன்று இப்போது சுற்றுலாத் தலமாக நிற்கிறது. அடுத்த முறை பள்ளிப் பேருந்து அங்கே போகும்போது ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு காந்தம் கொடுத்து அனுப்பலாம். காந்தத்தில் ஒட்டும் கறுப்பு மணல் எது, ஒட்டாமல் மிஞ்சுவது எது, அதை யார் வாங்கினார்கள், கழிவு எங்கே போனது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். படம் பிடித்து டிக்டாக்கில் போட்ட பிறகு எழுதினாலும் சரி.