எந்த ஊர், எந்த நேரம் என்று போடுங்கள்



வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து முதியவர்களுக்கு இரண்டு கவலை. ஒன்று மழை. இன்னொன்று, அந்த மழையைச் செய்திச் சேனல்களில் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் பிள்ளைகள். எங்கள் தெருவில் நியூஜெர்சி, சிங்கப்பூர், மெல்போர்ன் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர்களே அதிகம். கார்த்திகை பிறந்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் வேலை நேரத்திலும் கைப்பேசியில் தமிழ்ச் செய்தி நேரலையை ஓடவிட்டபடி இருக்கிறார்கள்.

அதற்குக் காரணம் 2015 வெள்ளம். டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழை ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் நின்றன, விமான நிலையத்தையும் சில நாட்கள் மூடிவிட்டார்கள். தண்ணீருக்குள் இருந்த எங்களுக்கு டிவி கிடையாது. கடல் கடந்து இருந்தவர்களுக்கு டிவியைத் தவிர வேறெதுவும் கிடையாது. படகில் ஏற்றப்படும் கூட்டத்தில் அப்பா அம்மா முகம் தெரிகிறதா என்று என் மகள் திரையை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறாள். அன்று சேனல்கள் காட்டிய படம்தான் அவர்களுக்கு ஊரோடு இருந்த ஒரே தொடர்பு. அதனால்தான் இன்று அதே சேனல்கள் காட்டும் பொறுப்பின்மை எனக்கு ஆறவில்லை.

பழைய படகுக் காட்சி இன்றைய மழைச் செய்தியோடு ஓடுகிறது. எந்த ஊர், எந்த நாள், எதுவும் இல்லை. "சென்னையைச் சூழ்ந்த வெள்ளம்" என்று பின்னணி இசையோடு கத்துகிறார்கள். ஒரு மழையில், தெருவில் கணுக்கால் அளவுகூட நீர் இல்லாதபோது, பிள்ளையின் பதற்றம் தாங்காமல் எண்பது வயதைக் கடந்த தம்பதி நள்ளிரவில் மாடிப்படி இறங்கி, ஆட்டோ பிடித்து உறவினர் வீட்டுக்குப் போனார்கள். வழியில் விழுந்திருந்தால் யார் பொறுப்பு?

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டது என்ற செய்தி வந்ததும் தாம்பரம் முழுவதற்கும் ஆபத்து என்பதுபோலச் சொல்கிறார்கள். அந்த ஏரியின் உபரி நீர் சிறுகளத்தூர், குன்றத்தூர், காவனூர் வழியாகத் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த இடத்துக்கு ஆற்றின் மேல்பக்கம் இருப்பவை. எங்களை மூழ்கடிப்பது ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர். அவை நிரம்பி வழிவதைச் சொல்ல எந்தச் சேனலும் அவசரப்படுவதில்லை. ஆகவே பயப்பட வேண்டாத நேரத்தில் பிள்ளைகள் பதறுகிறார்கள். செம்பரம்பாக்கம் மூடியிருக்கிறது என்று அவர்கள் நிம்மதியாகத் தூங்கும்போது எங்கள் வாசலுக்குத் தண்ணீர் வருகிறது. இரண்டாவதுதான் உயிருக்கு ஆபத்து.

திறக்கும் நீரின் அளவைச் சொல்வதிலும் அப்படித்தான். 2015இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேறியது வினாடிக்கு 29,000 கன அடி என்பது அரசுக் கணக்கு. நிவர் புயலின்போது, 2020 நவம்பர் 25 அன்று, முதலில் திறந்தது 1,000 கன அடி. இரண்டுக்கும் ஒரே சிவப்பு எழுத்து, ஒரே கூச்சல் என்றால் வெளிநாட்டில் இருப்பவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

இயற்கைப் பேரிடர், பெரும் விபத்துக் காட்சிகளின் மேல் நாளும் நேரமும் தெரியும்படி போட வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தனியார் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. பழைய காட்சிகள் நாள் கணக்கில் ஓடுவதால் பார்ப்பவர்களுக்குக் குழப்பமும் பீதியும் ஏற்படக்கூடும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். நான் பார்க்கும் சேனல்களில் பல நேரம் அந்த நாளையும் நேரத்தையும் காண முடிவதில்லை. அறிவுரை என்று விட்டுவிடாமல் அமைச்சகம் இதைக் கண்காணிக்க வேண்டும்; ஊர்ப் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும். சேனல் ஆசிரியர்கள் உத்தரவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. எந்த ஏரி, எத்தனை கன அடி, எந்தெந்த ஊர்களுக்கு எச்சரிக்கை என்ற விவரம் அதிகாரிகளின் அறிவிப்பிலேயே இருக்கிறது. அதை அப்படியே திரையில் எழுதினால் போதும். அடுத்த பருவமழைக்கு முன் இதைச் செய்யுங்கள்.

– வாசகர் ஒருவர்,
முடிச்சூர், தாம்பரம் மேற்கு