பெனடோலுக்கு அடங்காத வலி

சித்திரவதை என்றதும் நாம் வழக்கைத்தான் பேசுகிறோம். ஆள் விடுதலையானதும் செய்தி முடிந்துவிடுகிறது. வலி முடிவதில்லை.

உள்ளங்காலில் அடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வீக்கம் வற்றிவிடும், தழும்பும் தெரியாது. ஆனால் குதிகாலில் மெத்தைபோல் இருக்கும் கொழுப்பு நசிந்துபோனால் ஆண்டுக்கணக்கில் நடக்க வலிக்கும். ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் பிழைப்பே ஏற்ற இறக்கத்தில் நடப்பதுதான். கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டால் தோள் நரம்பு பழுதாகும். அந்தக் கையால் கவ்வாத்துக் கத்தியைப் பிடிப்பது எப்படி?

தோட்ட டிஸ்பென்சரியில் கிடைப்பது பெனடோல். பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. சிங்களத்தில் விளக்கத் தெரிந்தவருக்கும் ‘பொலிஸ் அடித்தது’ என்று சொல்லப் பயம். எனக்குத் தெரிந்த ஒருவர் இன்றுவரை ‘படியில் விழுந்தேன்’ என்கிறார். டாக்டரும் மேலே கேட்பதில்லை. கிளினிக் கூட்டத்தைப் பார்த்தால் அவரை மட்டும் குறைசொல்ல மனம் வராது.

சட்டம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதையைக் குற்றமாக்கியது. 2002இல் வத்தளைப் பொலிஸார் ஆள் மாறிப் பிடித்துச் சித்திரவதை செய்த ஜெரால்ட் பெரேராவின் வழக்கில், தனியார் மருத்துவமனைச் செலவையும் அரசே கொடுக்க வேண்டுமென 2003இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவிருந்த நிலையில், அவர் சுடப்பட்டு இறந்தார். பயம் வீண் பயமல்ல.

2019 ஏப்ரலுக்குப் பின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நமது வீடுகளுக்கும் வந்தது. வழக்கென்றால் பள்ளிவாசலில் பணம் சேர்க்கிறோம், நல்லது. வெளியே வந்தவரைக் கண்டிக்குச் சிகிச்சைக்கு அனுப்ப பஸ் காசும், கூடப்போய்ச் சிங்களத்தில் எடுத்துச்சொல்ல ஒரு ஆளும் வேண்டும். பக்கத்து லயத்துத் தமிழ்ச் சகோதரருக்கும் அது வேண்டும்.