பேபி ஹால்தாரின் ‘ஆலோ ஆந்தாரி’: இரக்கத்திற்கு அப்பால் ஒரு வாசிப்பு

இல்லறத்தின் பெயரால் நிகழும் வன்முறையிலிருந்து மீண்டு வந்த பெண்ணொருத்தி தன் கதையைத் தானே எழுதும்போது, அந்நூலை நாம் இரண்டு வழிகளில் எளிதாகக் கடந்துவிடுகிறோம். ஒன்று, அவளுக்காக இரங்குவது. மற்றொன்று, அவளை மீட்ட நல்ல மனிதர் யாரெனத் தேடி அவரைப் போற்றுவது. வங்கமொழியில் பேபி ஹால்தார் எழுதிய ‘ஆலோ ஆந்தாரி’ இவ்விரண்டு வாசிப்புகளுக்கும் ஆளான தன்வரலாறு. ‘ஒளியும் இருளும்’ எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்நூலை ஓர் இலக்கியப் பிரதியாக வாசிக்கும் கடமை இன்னும் மிச்சமிருக்கிறது என்று கருதுகிறோம்.

நூல் கூறும் வாழ்க்கையைச் சுருக்கமாகக் காண்போம். பேபியின் சிறுவயதிலேயே தாய், மகளின் கையில் ஒரு பத்துப் பைசா நாணயத்தை வைத்துவிட்டு வீட்டை விட்டு வெளியேறுகிறாள். பிறகு தந்தையின் கண்டிப்பு, மாற்றாந்தாய், பாதியில் நின்ற பள்ளிப் படிப்பு. 12 வயதில், தன் வயதைப்போல் இருமடங்கு வயதுடைய ஒருவனுக்கு மணம் முடிக்கப்படுகிறாள். பாட்டும் விருந்தும் இருக்கும் என்ற சிறுபிள்ளை மகிழ்ச்சிக்கு மேல் திருமணத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. 14 வயது நிறையுமுன் தாயாகிறாள். அடியும் வசையும் அன்றாடமாகின்றன. வேறோர் ஆணுடன் பேசியதைக் கண்ட கணவன் கல்லால் அவள் தலையைப் பிளக்கிறான். ‘கல்லானாலும் கணவன்’ என்னும் நம் மொழியின் முதுமொழி இவ்விடத்தில் நினைவுக்கு வந்து நம்மைக் கூசச் செய்கிறது. அவளுடைய அக்காளோ தன் கணவனாலேயே கழுத்து நெரிக்கப்பட்டு இறக்கிறாள். 1999ஆம் ஆண்டு பேபி தன் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தில்லிக்கு ரயிலேறுகிறாள்.

பெண்ணின் திருமண வயதை 18 என உயர்த்திய சட்டத்திருத்தம் 1978இல் வந்தது. கணவனும் அவன் குடும்பத்தாரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு 1983இல் வந்தது. 1980களின் நடுப்பகுதியில் மணமுடிக்கப்பட்ட அச்சிறுமியின் வீட்டு வாசற்படியை இவ்விரண்டு சட்டங்களும் மிதிக்கவேயில்லை. இதனைப் பழங்கதை என ஒதுக்கவும் இயலாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மேற்கு வங்கத்தில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 41.6 விழுக்காட்டினர் 18 வயது நிறையுமுன் மணமுடிக்கப்பட்டவர்கள்.

அடுத்து, நூலைச் சுற்றி எழுந்த மீட்புக் கதைக்கு வருவோம். குர்கானில் பேபி வீட்டுவேலை செய்த இல்லத்தின் தலைவர் பிரபோத் குமார், பிரேம்சந்தின் பேரர், ஓய்வுபெற்ற மானிடவியல் பேராசிரியர். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது அவள் நூல்களின்மீது தயங்கி நிற்பதைக் கவனித்து, தஸ்லிமா நஸ்ரின் தம் இளமைக்காலத்தைப் பற்றி எழுதிய ‘ஆமார் மேயேபேலா’வைப் படிக்கக் கொடுத்தார். பின்னர் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னார். அவரே இந்தியில் பெயர்க்க, நூல் 2002இல் வெளிவந்தது. வங்கமூலம் அச்சேறியது 2004இல். ஊர்வசி புட்டாலியாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2006இல். தாய்மொழியில் எழுதியவள் தாய்மொழியில் அச்சேற இரண்டாண்டுகள் காத்திருந்தாள் என்பது குறிப்பிடத்தக்கது.

பிரபோத் குமாரின் பெருந்தன்மையை நாம் மறுக்கவில்லை. பேபியும் அவரைத் ‘தாதுஷ்’ என்று நன்றியோடு அழைக்கிறாள். ஆனால் காலவரிசையைக் கவனியுங்கள். அவள் ரயிலேறியபோது நோட்டும் இல்லை, பேனாவும் இல்லை, தாதுஷும் இல்லை. வெளியேறும் முடிவை எடுத்தவள் அவள் ஒருத்தியே. பதினொன்றாம் வகுப்பு இந்தித் துணைப்பாட நூலான ‘விதான்’ இத்தன்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்ட பகுதி, அவள் கணவனைப் பிரிந்து வந்தபின் தொடங்குவது. அப்பகுதியை மட்டும் படிக்கும் மாணவர் நல்ல எசமானரைச் சந்திக்கிறார். அவள் எதிலிருந்து தப்பி வந்தாள் என்பதை முழுமையாகச் சந்திப்பதில்லை.

எனினும் அப்பகுதியிலேயே வேறொரு முக்கியமான செய்தி இருக்கிறது. வாடகை அறையில் குழந்தைகளுடன் தனித்து வாழும் அவளைப் பார்க்கும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி, ‘உன் கணவன் எங்கே?’ என்பதே. வீட்டுக்காரியும் கேட்கிறாள், தெருவிலுள்ளோரும் கேட்கின்றனர். ஒருநாள் அவள் குடியிருந்த வீடு இடிக்கப்பட்டு, குழந்தைகளுடன் இரவெல்லாம் திறந்த வெளியில் அமர்ந்திருக்கிறாள். அருகிலேயே வாழும் அண்ணன்மார் வந்து பார்ப்பதில்லை. கணவனின் வீட்டை விட்டு வந்தாலும், அவனுடைய அதிகாரத்தைத் தெருவே ஏற்று நடத்துகிறது. ஆணாதிக்கம் என்னும் சொல்லை ஒருமுறைகூட விளக்காமல், அது எவ்வாறு இயங்குகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பக்கங்கள் அரிது.

‘இந்நூலில் கோபமில்லை, அரசியலில்லை’ என்று கூறுவோர் உண்டு. எடுத்துரைப்பை அவர்கள் கூர்ந்து நோக்கவில்லை என்றே சொல்வோம். ‘நான்’ என்று எழுதிவரும் பேபி, சில இடங்களில் திடீரெனப் படர்க்கைக்கு மாறித் தன்னையே ‘பேபி’ என்று குறிப்பிடுகிறாள். தன் குறுகிய பிள்ளைப் பருவத்தை நினைக்கும்போது, யாரோ ஒரு சிறுமியைப் பார்த்து இரங்குவதுபோல் எழுதுகிறாள். அச்சிறுமிக்காக அன்று இரங்க எவருமில்லை. இரங்க வேண்டியவளும் தானே ஆகிறாள். இதனைப் பயிற்சியின்மை என்று கொள்வது பெரும்பிழை. தாங்கவொண்ணாத இடத்தில் தன்மையை விட்டு விலகி நின்று சொல்வதே அவள் கண்டறிந்த மொழி.

‘இதனை உண்மையில் அவள்தான் எழுதினாளா?’ என்னும் ஐயமும் இத்தகைய நூல்களைத் தொடர்ந்து வருகிறது. செம்மையாக்கம் இல்லாமல் வெளிவரும் நூல் ஏது? பேராசிரியரின் நூலை முன்வைத்து நாம் கேட்காத கேள்வியை வீட்டுப் பணிப்பெண்ணின் நூலிடம் மட்டும் கேட்கிறோம். அந்த மணவாழ்வு அவளிடமிருந்து பறித்தது, தன் சொல்லுக்கு மதிப்புண்டு என்னும் நம்பிக்கையை. குழந்தைகள் உறங்கியபின் இரவில் எழுதி அவள் அதை மீட்டெடுத்திருக்கிறாள். சான்று கேட்டு நிற்கும் வாசகர், ‘உன் கணவன் எங்கே?’ என்று கேட்ட தெருவாரின் வரிசையில் தம்மை அறியாமலேயே சேர்ந்துவிடுகிறார்.

வங்க மொழியின் முதல் தன்வரலாறு எனப் போற்றப்படும் ‘ஆமார் ஜீபன்’ நூலை எழுதிய ராசசுந்தரி தேவி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடுக்களையில் ஏட்டை மறைத்து வைத்து எழுத்தறிந்த பெண். அம்மரபின் தொடர்ச்சியில் பேபி ஹால்தாரை வைத்துப் பேச வேண்டும் என்பதே நம் கோரிக்கை. வகுப்பறையில் இந்நூலைக் கற்பிப்போர், ‘இப்பெண் எவ்வளவு துன்பப்பட்டாள்’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘இப்பெண் எவ்வாறு எழுதினாள்’ என்றும் கேட்கட்டும். எழுத்தாளருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.