புட்டியிலடைத்த அக்கானி

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் சங்கத்துக் குடும்பத்தார், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் வழியில் புட்டியிலடைத்த அக்கானி வாங்கிப் பருகுவதுண்டு. பதநீரையே இப்பக்கத்தார் அக்கானி என்பர். 2014ஆம் ஆண்டில் கேரள அரசு தென்னை நீராவுக்கு விதி வகுத்த பின், உழவர் நிறுவனங்களும் புட்டி நிரப்பத் தொடங்கின. அவற்றுள் பல நிலைக்கவில்லை. நல்லதை அறிவதெப்படி என்று நம்மை வினவுவோர் பலர்.

பாளைச் சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகும். கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பே அதனைத் தடுக்கிறது. எனவே அடியில் வெண்மை படிந்திருப்பின் அஞ்ச வேண்டா. மூடி திறக்கையில் சீற்றம், பொங்கும் நுரை, புளித்த வாடை இவையே ஐயத்திற்குரியவை. களியக்காவிளைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை; இப்பாலோ உரிமம் பெற்ற கடைகளில் அது விற்பனையாகிறது. எல்லை எதுவாயினும், குழந்தைக்கென வாங்கியது பாதி கள்ளாயிருப்பின் பழி பெற்றோரைத்தானே சேரும்!

சென்ற பங்குனியில் நாமும் ஏமாந்தோம். வழியோரத்தில் வாங்கிய புட்டியில் சீற்றமில்லை, புளிப்புமில்லை, இனிப்பு மட்டும் மிகுதி. இல்லத்தில் காய்ச்சிப் பார்த்தபோது பாகு திரண்டதேயன்றிக் கருப்பட்டி மணம் எழவில்லை. சர்க்கரைத் தண்ணீர்! அத்தகைய புட்டி மலிவாய் விற்கும்போது மெய்யான அக்கானி இறக்குபவர்க்கு விலை கிட்டுவதில்லை. இப்பொழுதெல்லாம் விடியற்காலையில் பனையடிக்கே செம்புடன் செல்கிறோம். பனையேறி கேட்கும் விலையில் நாம் பேரம் பேசுவதில்லை. நாளொன்றுக்கு இருமுறை அம்மரத்தில் ஏறுபவர் அவரன்றோ.