அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால்?

போன மாதம் என் அண்ணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "இனிமேல் கனமாக எதையும் தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூக்காமல் எப்படி? மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு இப்போது 19 வயது, 48 கிலோ!

"அதான் ஆயா வெச்சிருக்கோமே!" என்றார் அண்ணன். ஆண்களுக்கு அத்தோடு கணக்கு முடிந்துவிடும்.

நான் ஒரு கோடு போட்ட நோட்டோடு போய் மூன்று நாள் தங்கினேன். எத்தனை மணிக்கு என்ன வேலை, எத்தனை பேர் வேண்டும், யார் செய்கிறார்கள் என்று மட்டும் எழுதினேன். காலை 6 முதல் 8 வரை குளியல், உடை, சக்கர நாற்காலி. இரண்டு பேர் இல்லாமல் முடியாது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முக்கால் மணி. நிமிர்த்தி உட்கார வைத்து மெதுவாக ஊட்டாவிட்டால் புரையேறிவிடும். ராத்திரி படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு, மூன்று மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆயா வருவதோ காலை 10 மணிக்கு, போவது 5 மணிக்கு! பிள்ளை டி.வி. பார்க்கிற நேரமெல்லாம் ஆள் இருக்கிறது; தூக்குகிற நேரத்தில் அண்ணி மட்டும்.

ஆயாவையே கேட்டோம். "விடிகாலைல வரேம்மா, பகல்ல வேற வீடு பாத்துக்கறேன்" என்றார். இன்னொரு கை அண்ணனுடையது. வாரத்தில் இரண்டு ராத்திரி ஆயாவின் தங்கை வருகிறார்.

அரசு உதவிக்கும் இந்த நோட்டுத்தான் கைகொடுத்தது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 38-வது பிரிவின்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்றவர் 'உயர் ஆதரவு' கேட்டு மனுச் செய்யலாம். அவர் சார்பில் பிறரும் செய்யலாம். மதிப்பீட்டுக் குழு பார்த்து, எந்த மாதிரி ஆதரவு தேவை என்று சான்று தரும். அண்ணி முன்பு கொடுத்த மனுவில் ஒரே வரி: "எந்நேரமும் உதவி தேவை." ஓர் அலுவலகத்தில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்தான். ஆனாலும், எந்நேரமும் என்றால் எத்தனை மணி, எத்தனை ஆள்? இப்போது நேரப் பட்டியலையும் இணைத்துக் கொடுத்திருக்கிறோம். அண்ணியின் மணிகளையும் விடவில்லை. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பெற்றோரையும் 'பராமரிப்பவர்' என்றுதான் சட்டம் சொல்கிறது.

கடைசிக் கட்டம், 'ஆள் வராத நாளில் யார்?' எல்லா இடத்திலும் அண்ணி "நான்" என்றே எழுதியிருந்தார்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா, அண்ணி?"

பென்சிலைக் கடித்தார். "உன் அண்ணன்னு போடேன். ஆனா அவருக்கு ஊட்டத் தெரியாதேடீ!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன்தான் ஊட்டினார். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.