பெயரைப் பின்தொடர்தல்

ஜப்பானிய அனிமேயைப் பற்றிப் பேச்செடுத்தால் இலக்கிய நண்பர்களிடமிருந்து பெரும்பாலும் இரண்டே மறுமொழிகள் வருகின்றன. 'அது சிறுவர்களுக்கானது' என்பது ஒன்று. 'ஒன்றிரண்டு பார்த்தேன், ஒத்துவரவில்லை' என்பது மற்றொன்று. முதலாமவரோடு வாதிடும் உத்தேசம் நமக்கில்லை. இரண்டாமவர் பொருட்டே இதை எழுதுகிறோம். அவர் நுழைந்த வாசல்தான் பிழை என்பது நம் எண்ணம்.

அந்த வாசல், பார்த்தே தீரவேண்டிய படங்களின் பட்டியலாக இருக்கும். அல்லது ஷோனென், ஷோஜோ, செய்னென் என்னும் வகைப்பெயர்களாக இருக்கும். இச்சொற்கள் கதையின் இயல்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மங்கா இதழ்கள் சிறுவர்களுக்கா, சிறுமிகளுக்கா, வளர்ந்த ஆண்களுக்கா என்பதையே அவை சுட்டுகின்றன. ஒரு சிறுகதையை, அது வெளிவந்த இதழின் சந்தாதாரர்களை வைத்தா நாம் எடைபோடுகிறோம்?

நாம் வாசகர்களானது எப்படி என்று சற்று எண்ணிப் பார்க்கலாம். எங்கோ ஒரு கதை நம்மை உலுக்கியது. எழுதியவர் யாரென்று பார்த்தோம். அவருடைய இன்னொரு நூலைத் தேடிப் போனோம். அனிமேவுக்கும் இதைவிடச் சிறந்த வழி இருப்பதாகத் தெரியவில்லை.

இசாவோ தகஹதாவை எடுத்துக்கொள்வோம். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் பயின்றவர். 1988இல் அவர் இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை', அகியுகி நோசகாவின் 1967ஆம் ஆண்டுச் சிறுகதையைத் தழுவியது. போரின் இறுதி மாதங்களில் பசியால் மடியும் அண்ணன் தங்கையின் கதை. இப்படத்தால் கலங்கியவரிடம் வகைப் பட்டியல் இன்னும் நான்கு போர்ப்படங்களை நீட்டும். பெயரைப் பின்தொடர்பவரோ முற்றிலும் வேறிடத்துக்குப் போய்ச் சேர்வார். 1991இல் வந்த 'நேற்று மட்டும்', கிராமத்துக்கு விடுமுறையில் செல்லும் 27 வயது அலுவலகப் பெண்ணின் பால்ய நினைவுகள். 1999இல் வந்தது நாளிதழ்ச் சித்திரத் துணுக்குகளிலிருந்து பிறந்த குடும்ப நகைச்சுவை. 2013இல் வந்த 'இளவரசி ககுயா', மூங்கிலுக்குள் கண்டெடுக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய ஆயிரமாண்டுப் பழமையான கதை. தகஹதா 2018இல் மறைந்தார்.

இந்நான்கையும் எந்த வகைப்பெயரும் ஒரே அலமாரியில் வைக்காது. அவற்றை இணைப்பது அன்றாடச் சிறுசெயல்களின் மீது அவர் காட்டும் பொறுமை. ஒரு படத்தில் மிட்டாய் டப்பாவின் அடியில் ஒட்டியதைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடிக்கிறார்கள். இன்னொன்றில், முதன்முதலாக வாங்கிவந்த அன்னாசிப்பழத்தை ஒரு குடும்பமே சுற்றி அமர்ந்து தின்று ஏமாறுகிறது. இரண்டையும் பார்ப்பது ஒரே கண்.

இலக்கிய வாசகருக்கு இன்னொரு நுழைவாயிலும் உண்டு. கென்ஜி மியாசவாவின் கதையை கிசாபுரோ சுகீ 1985இல் 'பால்வீதி ரயிலில் ஓர் இரவு' என்று படமாக்கினார். மாந்தர்களில் பலர் பூனைகளாக வருகிறார்கள். மரணத்தைப் பற்றிய கதையின் கனம் அதனால் சிறிதும் குறையவில்லை. ஒசாமு தசாய், சோசெகி, அகுதகவா ஆகியோரின் படைப்புகளைக் கொண்டு 2009இல் 'அவோய் புங்காகு' என்ற 12 பகுதித் தொடர் வந்தது. மூலத்தை வாசித்தவர் அங்கே சண்டையிட்டபடியேனும் உட்கார்ந்திருப்பார்.

இது வெறும் பொழுதுபோக்குத் தேர்வு குறித்த யோசனையன்று. இன்று இணையத் திரைத்தளங்கள் நமக்கு ஏற்கெனவே பிடித்ததன் சாயலையே மீண்டும் மீண்டும் பரிமாறுகின்றன. அப்படி ஊட்டப்படும் ரசனை வளர்வதில்லை, தடித்துப் போகிறது. ஒரு படைப்பாளியின் பின்னே செல்லும்போதோ, நாமாகத் தேர்ந்திருக்கவே மாட்டாத படத்தின் முன் வந்து நிற்கிறோம். சில வேளை ஏமாற்றம் கிட்டும். சடோஷி கோன் போல, நான்கே திரைப்படங்களைத் தந்துவிட்டு 2010இல் 46 வயதில் மறைந்தவரைத் தொடர்ந்தால் துக்கமும் கிட்டும். ஆயினும் அந்த நடை வீண்போவதில்லை.

ஆகவே, ஒத்துவரவில்லை என்ற நண்பருக்கு நாம் சொல்வது இதுதான்: அந்த ஒன்றிரண்டில் ஏதேனும் ஒரு காட்சியாவது மனத்தில் தங்கியிருந்தால், அதை இயக்கியவர் பெயரைத் தேடிப் பாருங்கள். பிறகு அவருடைய அடுத்த படத்தைப் பாருங்கள்.