மணல் பூமியில் மேட்டுப்பாத்தி: கடன் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் கிராமம் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் இடம், முழுக்க மணல். கத்தரி, வெண்டை, கீரை எது போட்டாலும் ஒரு சாண் வளர்ந்து நின்றுவிடுகிறது. நான்கு டிராக்டர் செம்மண் அடித்து, சிமென்ட் கல் வைத்துப் பாத்தி கட்டச் சொல்கிறார்கள். மகளிர் குழுவில் கடன் கேட்டிருக்கிறேன். வாங்கலாமா?
- வாசகி ஒருவர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: கடனை இப்போது வாங்காதீர்கள், சகோதரி. முதலில் உங்கள் போர் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண்ணிலும் அரை கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். தண்ணீரின் மின்கடத்துத்திறன் 0.7-க்குள் இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் எந்த மண்ணைக் கொட்டினாலும் சில மாதங்களில் அதுவும் உப்பேறிவிடும். நீங்கள் சொல்லும் 'ஒரு சாண் வளர்ந்து நிற்பது' வெறும் மணலாலும் வரலாம், உப்பாலும் வரலாம். இலை ஓரம் கருகியிருந்தால், காய்ந்த மண்ணில் வெள்ளை படிந்திருந்தால், உப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

செம்மண் என்றாலே வளமான மண் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. வீடு கட்ட மேடு போடும் செம்மண்ணில் சரளைதான் அதிகம், மக்கு இருக்காது. உங்களுக்குத் தேவை ஏரி வண்டல். மணலில் நிற்காத தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைப்பது அதிலுள்ள களிதான். வட்டாட்சியர் அனுமதியுடன் ஏரி வண்டலை இலவசமாக எடுக்க அரசு வழி செய்திருக்கிறது. வண்டி வாடகை மட்டும் உங்கள் செலவு. கழுவெளியை ஒட்டிய, உப்புநீர் ஏறும் ஏரியாக இருந்தால் வேண்டாம்.

எவ்வளவு தேவை? 10 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி ஆழத்தில் ஒரு பாத்திக்கு 30 கன அடி கலவை. நான்கு பாத்திக்கு 120 கன அடி. இதில் பாதி உங்கள் மணலே. மீதியில் 30 கன அடி வண்டல், 30 கன அடி நன்கு மக்கிய தொழு உரம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆக, வண்டல் மூன்றில் ஒரு யூனிட்கூட வேண்டாம். நான்கு டிராக்டர் எங்கே, இது எங்கே! வண்டல் கட்டியாகத்தான் வரும். வெயிலில் காய வைத்து, உடைத்துக் கலக்குங்கள். கட்டியாகப் போட்டால் வருடக்கணக்கில் கட்டியாகவே கிடக்கும்.

மணலில் பாத்தியை அதிகம் உயர்த்தினால் சீக்கிரம் காய்ந்துபோகும். அதனால் அரை அடி தோண்டி, அரை அடி மட்டும் மேலே உயர்த்துங்கள். தோண்டிய மணல் கலவைக்கு ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும் தாழ்வான இடமென்றால் மட்டும் தோண்டாமல் முழு ஒரு அடியும் உயர்த்துங்கள். அடியில் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி ஒரு வரிசை அடுக்குங்கள். மழைநீரைப் பிடித்து வைத்து, மெதுவாக வேருக்குக் கொடுக்கும். தார்பாய், பிளாஸ்டிக் விரிக்கவே வேண்டாம். உப்பு கீழே இறங்க வழியில்லாமல் போய்விடும், மழையில் வேரும் அழுகும்.

ஓரத்துக்கு சிமென்ட் கல் எதற்கு? 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாதிரி ஒவ்வொரு காற்றுக்கும் நம் பக்கம் மரங்கள் சாய்கின்றன. விழுந்த தென்னையைப் பிளந்து வைக்கலாம். சவுக்குக் கழியும் போதும்.

தென்னைநார்க் கழிவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயிக்கு அதைப் பச்சையாகவே பாத்தியில் போடச் சொல்லிவிட்டேன். நாற்றெல்லாம் மஞ்சளாகிப்போனது. மக்காத நார்க்கழிவில் கரிமம் தழைச்சத்தைப்போல 100 மடங்குக்கும் மேல் இருக்கும். மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். மக்க வைத்ததை மட்டும் போடுங்கள். கடற்பாசி கிடைத்தால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, பிறகு குப்பையில் சேருங்கள்.

ஆடி, ஆவணியில் பாத்தியைத் தயார் செய்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவி இறக்கிவிடும். 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய நிலங்களிலும் மணற்பாங்கானவை களிமண்ணைவிடச் சீக்கிரம் தேறியது இதனால்தான். ஆனால் மழை உப்போடு சத்தையும் கழுவும். எனவே உரத்தை ஒரே தடவையாகக் கொட்டாமல், 15 நாளுக்கு ஒருமுறை செடிக்கு ஒரு கைப்பிடி தொழு உரம் வையுங்கள். கடலோரத்தில் மீன் கழிவுக்குப் பஞ்சமில்லை. சம எடை நாட்டுச் சர்க்கரை சேர்த்து மூன்று வாரம் ஊறவைத்து வடித்த மீன் அமிலத்தை, லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளிக்கலாம். தண்ணீரைக் காலையில் மேலிருந்து ஊற்றி, காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். வெறும் மேல்மண் காய்ந்தால் அடி உப்பு மேலே ஏறும்.

முதல் வருடம் நான்கு பாத்தி வேண்டாம், ஒன்று போதும். கொத்தவரையும் காராமணியும் ஓரளவு உப்பைத் தாங்கும், அதில் தொடங்குங்கள். பீன்ஸ், கேரட் பக்கம் போகாதீர்கள். பரிசோதனை முடிவு வந்ததும் அந்த எண்களை எழுதி அனுப்புங்கள். கத்தரி போடலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.